டோர்கஸின் காலணிகள்

ஓல்டர்பரி கிளப்பின் முதல் டென்னிஸ் போட்டியை நடத்தியவர் செயலாளர் மிஸ்டர் விங்கேட் என்று சுவரில் பதித்த கல் சொல்கிறது. கல்லுக்கு என்ன தெரியும்? நடத்தியது புல். அந்தப் புல்லை எட்டு வருடம் குனிந்து குனிந்து வளர்த்தவர் தோட்டக்காரர் ஒபதியா டிட்.

1879 கோடையில் கிளப் ஒரு சட்டம் போட்டது. குதிகால் உயர்ந்த காலணியோடு யாரும் புல்தரையில் இறங்கக் கூடாது. ஒரு தடம் விழுந்தாலும் டிட்டுக்கு வேலை போய்விடும். புல்தரையைச் சமமாக்கும் உருளையை இழுக்கும் மட்டக்குதிரை டோர்கஸுக்குக்கூட நான்கு கால்களிலும் தோல் காலணி மாட்டித்தான் உள்ளே விட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று கோப்பை கொடுக்க வந்த ஹார்ட்லபி பிரபு, வண்டியை விட்டு இறங்கியதும் லாடம் அடித்த சவாரி பூட்ஸோடு நேரே புல்லுக்குள் நடந்தார். மூன்று நாள் தூறலில் தரை ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பள்ளம்.

டிட் விங்கேட்டிடம் ஓடினார். "ஐயா, பிரபுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"பிரபுகிட்ட, பூட்ஸப் பத்தியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் விங்கேட். "விருந்தாளி மனசு நோகக் கூடாதுப்பா."

"அப்ப என் புல்லு நோகலாமா?"

விங்கேட் காதில் அது விழவில்லை. தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால் கமிட்டி அவசரமாகக் கூடியது. பிரபு ஒருவர் மட்டும் பூட்ஸோடு நின்றால் அவருக்குத் தலைகுனிவு. ஆகவே கனவான்கள் ஐந்து பேரும் தட்டையான காலணிகளைக் கழற்றிவிட்டு, வேட்டை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பிரபுவோடு புல்லில் உலாவி வானிலையைப் புகழ்ந்தார்கள். என்ன ஒரு பண்பு! எட்டு வருட உழைப்பு பத்து நிமிடத்தில் சேறானது.

பிரபு ஒரு பந்தைத் தரையில் போட்டுப் பார்த்தார். அது எழும்பவே இல்லை.

"யாருய்யா இத உழுது வெச்சது?"

"குதிரைங்க, பிரபுவே," என்றார் விங்கேட் கண்ணிமைக்காமல். "இந்த டிட் கவனிக்கல. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறோம்."

டிட் டோர்கஸை ஓட்டி வந்து, அதன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். மெத்தென்ற தோல் காலணி.

பிரபு அதைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கமிட்டியின் பத்துக் கால்களையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இங்க பூட்ஸுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்கா?"

"இருக்குங்க பிரபுவே," என்றார் டிட்.

"அப்ப குதிர மட்டும் ஏன் அத மதிக்குது?"

"அது இங்க உறுப்பினர் இல்லீங்களே."

பிரபு அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "அடுத்த வருஷமும் இந்தாளுதான் புல்லப் பாத்துக்கணும். இல்லேன்னா என் கோப்பை இங்க வராது," என்று சொல்லிவிட்டு, வெறும் காலுறையோடு சேற்றில் எழுந்து நின்றார்.

விருந்தாளி காலுறையோடு நிற்கும்போது மற்றவர்கள் பூட்ஸோடு நிற்கலாமா? கமிட்டி மொத்தமும் குனிந்தது. விங்கேட்டின் இடது காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

அன்று கோப்பை கொடுத்தபோது அந்தச் சேற்றில் ஒழுங்காகக் காலணி போட்டு நின்ற பெரிய மனுஷி டோர்கஸ் ஒருத்திதான்.