பதினொரு வாடை

என் எம்.ஏ. ப்ராஜெக்டை நானே முதன்முதலாக ஒழுங்காக வாசித்தது என் ப்ராஜெக்ட் கைடு சுகுணா மேடம் அறையில், அவர் எதிரில் நின்றுகொண்டுதான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் தொழில் நடக்கிறது என்பது தலைப்பு. எங்கள் ஊர் மணமேல்குடியில் பதினெட்டுப் பேரிடம் நானே கேட்டு எழுதினேன். முதல் ஆள் என் அப்பா அடைக்கலம்.

தமிழில் எழுதியதை இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. புதுக்கோட்டையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் ஷீபாக்காவிடம் மொழிபெயர்த்து டைப் செய்யக் கொடுத்தேன். பைண்டிங்கோடு வந்தது. 'இது என் சொந்த உழைப்பு' என்ற பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறு பேர் கிடையாது.

மேடம் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சுடர்விழி, நான் குளத்தூர்க்காரி, எனக்குக் கடல் தெரியாது. நாத்தம் அடிச்சா ஒங்க அப்பா கடலுக்குப் போக மாட்டாரா?"

விளங்கவில்லை. வாங்கி வாசித்தேன். அப்பா சொன்னது, "வாடை அடிச்சா படகு எறக்க மாட்டோம்." எங்களுக்கு வாடை என்றால் வடக்கேயிருந்து வரும் காற்று. ஷீபாக்காவுக்குப் பொன்னமராவதி. அங்கே வாடை அடித்தால் மூக்கைத்தான் பிடிப்பார்கள். பதினொரு இடத்தில் எங்கள் கடலை நாறடித்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காற்றுக்கு அஞ்சிக் கரையில் இருந்த அப்பாவை, மீன் நாற்றம் பொறுக்காத மனிதராக்கிக் கையெழுத்தும் போட்டவள் நான். அவமானமாக இருந்தது.

இதோடு வைவா என்கிற நேர்முகத் தேர்வுக்குப் போனால் பெயில்தான் என்று சொல்லி, மேடம் ஐந்து நாள் கொடுத்தார்.

நான்கு நாள் நானே தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எழுதினேன். ஐந்தாம் நாள் அதே ஷீபாக்காவிடம் போய், எதையும் மாற்ற வேண்டாம், தப்பு இருக்கிற இடத்தில் பென்சிலால் வட்டம் மட்டும் போடுங்கள் என்றேன். நாற்பத்துமூன்று வட்டம். ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று கேட்டுக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தே திருத்தினேன். நன்றிப் பக்கத்தில் அவர் பேரையும் அவர் செய்த வேலையையும் எழுதினேன்.

வைவாவில் தேர்வு நடத்த வந்த வெளியூர்ப் பேராசிரியர் அந்த நன்றிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இங்கிலீஷ் யாருடையது என்று கேட்டார்.

"நாப்பத்திமூணு தப்ப அவங்க காட்டுனாங்க சார். நான் திருத்துனேன். இன்னும் இருக்குற தப்பெல்லாம் என்னோடது."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டி, வாடை என்றால் என்ன, இங்கிலீஷில் சொல் என்றார். சொன்னேன். இரண்டு இடத்தில் இலக்கணம் இடறியது. ஆனால் காற்று வடக்கேயிருந்துதான் வந்தது.