பதினொன்றரை டன்

...பதினொன்றரை என்று அடித்தது தன் விரல்தான், எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் தன் விரல்தான், பெட்டிக்குள்ளே இருந்ததோ இருபத்தைந்து டன்னுக்குக் குறையாது, நசரத்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து ரைஹானா இதையே மென்றுகொண்டிருந்தாள். கன்டெய்னர்களில் சரக்கேற்றித் துறைமுகத்துக்கு அனுப்பும் யார்டில் ஆறு வருஷமாக எடை விவரம் அடிப்பவள். எடைமேடையில் லாரிகள் வரிசைகட்டி நின்றால், துறைமுகத்தில் கேட்டை மூடும் நேரம் நெருங்கினால், போன வாரத்து எடையையே போட்டு அனுப்புவது எல்லோரும் செய்கிற வேலை, அதே கம்பெனி, அதே சரக்கு, என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது... நேற்று மாறிவிட்டது. அம்பத்தூர் கம்பெனி ரப்பர் வளையத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு அனுப்பியிருந்தது. இன்று மூன்று மணிக்கு சூப்பர்வைசர் கங்காதரன் டீயை உறிஞ்சிக்கொண்டே, நேற்று அந்தப் பெட்டிக்குச் சரக்கு தூக்கிய ஃபோர்க்லிஃப்ட் முக்கி முனகிய கதையைச் சொல்லிச் சிரித்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. துறைமுகத்துக்கு ஒரு போன், பெட்டி நம்பர், போதும், நிறுத்தி எடை போட்டுவிடுவார்கள், எடுத்த போனைக் கங்காதரன் கையால் மூடினார். “ஒரு பொட்டிக்கு இன்னாத்துக்குமா இப்டி பயந்துகினு கீறே? சொன்னா உன் வேலயும் பூடும், என் வேலயும் பூடும்.” மனுஷன் கெட்டவர்கூட இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

பூந்தமல்லியில் பஸ் நகரவே இல்லை, பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு நின்றது, அதில் என்ன எடை போட்டிருக்கிறார்களோ, யார் போட்டார்களோ... அந்தப் பெட்டி ஏறும் கப்பலில்தான் இன்று தப்ரேஸுக்கு ஷிப்ட், அவள் புருஷன், பெட்டிகளைக் கட்டுகிற வேலை. கனமானது அடியில், லேசானது உச்சியில், பெட்டிக்குப் பெட்டி நாலு மூலையிலும் பூட்டு, கீழ் அடுக்குகளுக்கு மட்டும் குறுக்காக இரும்புக் கம்பி போட்டுத் திருகி இறுக்குவார்களாம், அதற்கு மேலே கம்பி எட்டாது, வெறும் பூட்டுதான், எல்லாம் அவர் சோறு சாப்பிடும்போது சொன்னது. பதினொன்றரை என்ற காகிதத்தை நம்பி உச்சியில்தானே வைப்பார்கள், அவர் நேர் கீழே நின்று திருகிக்கொண்டிருப்பாரே, கப்பலுக்கா பஞ்சம், அதே கப்பலுக்கா போகவேண்டும்? நாலு முறை அடித்தாள், எடுக்கவில்லை, மேலே ஏறும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். துறைமுகத்து நம்பரையும் எடுத்து வைத்திருந்தாள், அதை அழுத்தவில்லை. மகள் சஹருக்கு ஸ்கூல் ஃபீஸ், இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள், யா அல்லா, அவரை இறக்கிவிடு...

வேலப்பன்சாவடி நெருங்கும்போது போன் அடித்தது. “எறங்கிட்டேன்மா, கப்பல் கெளம்பிடுச்சு. இன்னா, நாலு தபா அட்சிருக்கே?” ஒன்றுமில்லை என்றாள், அழுகையும் சிரிப்புமாக வந்தது, அவர் பாட்டுக்குப் பேசினார், கப்பல்காரர் ஒருத்தர், பிலிப்பைன்ஸ் ஆளாம், சஹருக்கு சாக்லெட் கொடுத்தாராம். “பாவம், கடல்ல தெனம் அந்தாளுதான் கம்பியத் தட்டிப் பாத்துகினே நடப்பாரு. கரையில நிக்கறப்ப இன்னா தெரியும், அலையில ஆட்றப்பதான் எல்லாம்.” சீக்கிரம் ஊட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லி வைத்தாள். துறைமுகத்து நம்பர் திரையில் இருந்தது, இப்போது அழுத்தினாலும் கப்பலுக்குச் சொல்லிவிடுவார்கள், ஒன்றும் தாமதமில்லை, பெட்டி இன்னும் ஆடக்கூட ஆரம்பிக்கவில்லை, ஆனால் இரவுக்கு என்ன சமைப்பது என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதை ரைஹானா கவனித்தாள்.