கீழே பச்சையாக ஒரு பட்டன்

"ரிலீஸை நிறுத்துங்க சார்."

சொன்னது நான். வேலைக்குச் சேர்ந்த அன்றே, சொல்லவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். நாற்காலி கேள், லீவு கேள், சம்பள உயர்வுகூடக் கேட்டுப் பார். ரிலீஸை, அதாவது நாம் செய்து முடித்த இணையப் பக்கத்தை வெளியே விடுவதை, நிறுத்து என்று மட்டும் எந்தக் காலத்திலும் வாயைத் திறக்காதே. சொன்னவர் எங்கள் டீம் லீட். திரையின் மேலேயே பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளப்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் ஸ்கேல்.

ஸ்கேல் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலேயே என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா?"

"லீவு கேக்கற பக்கத்துல பட்டன் தெரியல."

"எதுல?"

"போன்ல."

அவர் தன் கணினியில் பக்கத்தைத் திறந்தார். பிரவுசர் சன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து, ஒரு கை அகலத்துக்குச் சுருக்கினார். எங்கள் அலுவலகத்தில் போனில் சோதிப்பது என்றால் இதுதான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். போனைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

"இதோ போன் சைஸ். இதோ உன் பட்டன். கல்லு மாதிரி நிக்குது."

"அது போன் இல்ல சார். பட்டினி போட்ட கம்ப்யூட்டர்."

பக்கத்து சீட்டுக்காரி சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினாள். ஸ்கேல் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கானது. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் விடுதிகளுக்கும் துப்புரவு ஆட்களை அனுப்பும் கம்பெனி. ஆட்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போக லீவு கேட்பார்கள். முன்பெல்லாம் சூப்பர்வைசரிடம் வரிசையில் நின்று கேட்டார்கள். இனி இந்தப் பக்கத்தில். நாளைக் காலை திறக்கும், முந்தியவர்களுக்கு இடம், இடம் தீர்ந்தால் மூடிவிடும். பிறகு அடுத்த வருஷம்தான்.

அந்த ஆட்களில் ஒருத்தி என் அம்மா.

எங்கள் அலுவலகத்தில் புது வேலைகளை எழுதும் போர்டில் அந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்த நாளில் நானே கையைத் தூக்கி இந்த வேலையை வாங்கிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கல்லூரிக்குள் கால் வைத்த வருஷம் அம்மா தூர ஊருக்கு வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரி நான். சான்றிதழில் அச்சாகியிருப்பது என் பெயர். தேய்ந்தது அவள் முட்டி. "நான்தான் சம்பாதிக்கிறேனே, வந்துடும்மா" என்றால், "ஒப்பந்தம் முடியட்டும்டி" என்பாள். போன வருஷம் வரிசையில் அவள் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது.

நான் இருப்பது ஒற்றை அறை. அம்மா வந்தால் கட்டிலில் சுவரோரம் படுப்பாள். அவள் இல்லாதபோதும் நான் மறு ஓரத்தை விட்டு நகர்வதில்லை. கண்ணாடிச் சட்டத்தில் அவள் செருகிவிட்டுப் போன சீப்பு இருக்கிறது, பற்களுக்கிடையில் நரைத்த முடி ஒன்றோடு. அறையைக் கூட்டுகிறேன், துடைக்கிறேன், அந்தச் சீப்பை மட்டும் தொடுவதில்லை. வீடியோவில் பேசும்போது போனை எப்படிப் பிடிப்பாளோ, எனக்கு அவள் நெற்றியும் சீலிங் ஃபேனும்தான் தெரியும்.

"முகத்தைக் காட்டும்மா."

"அதே முகம்தான்டி. புதுசா ஒண்ணு வாங்கியா மாட்டியிருக்கேன்?"

சோதனை லிங்க்கை வெளி ஆட்களுக்கு அனுப்பக் கூடாது என்பதும் எங்கள் அலுவலகச் சட்டம்தான். முந்தாநாள் நான் அதை அம்மாவுக்கு அனுப்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக் காலை அவள் விரல் தடுமாறக் கூடாது.

"படமெல்லாம் அழகா இருக்குடி. நீயா பண்ணின?"

"நானும்தான். கீழே பச்சையா ஒரு பட்டன் இருக்கா? அதை அமுக்கணும்."

"பச்சையா ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாரும்மா. கண்ணாடி போட்டுக்க."

"போட்டுக்கிட்டுதான்டி பாக்கறேன். தேதியோட முடிஞ்சுடுது. அதுக்குக் கீழே ஒண்ணும் இல்ல." பிறகு அவளே சமாதானம் சொன்னாள். "என் போன்தான் மக்கர் பண்ணுதோ என்னவோ. ரூம்ல எல்லார்கிட்டயும் கொடுத்துப் பாத்தேன். அவங்க போன்லயும் இல்லை. எம்பொண்ணு பண்ணினதுன்னு பெருமையா காட்டிட்டேன்டி, மானத்த வாங்கிட்ட." சிரித்தாள். நெற்றி மட்டும் சிரித்தது.

அம்மாவின் போன் ஒரு காலத்தில் என்னுடையது. அதே மாதிரிப் போன் ஒன்றை நேற்று மாலை பழுது பார்க்கும் கடையில் தேடி வாங்கினேன். எழுத்துகளை அம்மா வைத்திருப்பதுபோலப் பெரிதாக்கினேன். பக்கத்தைத் திறந்தேன். தேதியோடு முடிந்துவிட்டது.

காரணம் ஒரு வரிதான். பக்கத்தின் உயரம் திரை முழுவதும் என்று எழுதியிருக்கிறோம். கணினியில் அது சரி. இந்தப் பழைய பிரவுசரோ தன் முகவரிப் பட்டையையும் சேர்த்துத் திரை என்று அளக்கிறது. பட்டை அடைத்துக்கொண்ட அளவுக்குப் பக்கம் கீழே வழிகிறது. பெரிய எழுத்து இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. வழிந்ததை விரலால் மேலே இழுத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறோம். ஒரே திரை, நகரவே கூடாது, அதுதான் அழகு என்று வாடிக்கையாளர் கையெழுத்திட்ட வடிவம். பட்டன் இருக்கிறது. யாருடைய விரலும் போய்ச் சேர முடியாத இடத்தில் இருக்கிறது.

போனை ஸ்கேலின் மேசையில் வைத்தேன். அவர் எடுத்தார், தேய்த்தார், தட்டினார். அவர் விரலும் போய்ச் சேரவில்லை.

"இந்தக் காலத்து போனாம்மா இது? யார் வெச்சிருக்காங்க? புள்ளிவிவரம் பாத்தியா? நம்ம பக்கத்துக்கு வந்தவங்கள்ல பழைய பிரவுசர் ஒண்ணுகூடக் கிடையாது."

"வந்தவங்க அவங்க ஹெட் ஆபீஸ் ஆளுங்க சார். ஏசில உக்காந்து புது போன்ல பாத்தாங்க. லீவு கேக்கப் போறது அவங்க இல்ல. மாப்போட நிக்கறவங்க. சரி பண்ணி வெச்சுட்டேன். பூட்டை எடுத்துட்டு, உயரத்தைக் குறைஞ்சபட்சம்னு மாத்தினா போதும், பக்கம் நகரும். வடிவம் மாறுது, அதனால அவங்க மறுபடி கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" கோப்பையை இப்போதுதான் வைத்தார். "கையெழுத்தான வடிவத்தை நாமளே போய்த் தப்புன்னு சொல்லணும். சாயங்காலம் ரிலீஸ். நாளைக்கு இந்தக் கம்பெனி நம்மகிட்ட இருக்குமா? பழைய ஆபீஸ்ல நானும் உன்ன மாதிரிதான் ஒரு தடவை நிறுத்துங்கன்னேன். ரிலீஸ் நிக்கல, என் வேலைதான் நின்னுச்சு." கொஞ்சம் யோசித்தார். "ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்கம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன். அவங்க அங்கதான் வேலை பாக்கறாங்க."

பக்கத்து சீட்டுக்காரியின் கீபோர்டு நின்றது.

ஸ்கேல் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தினார். "இதை நீ சொல்லல, நான் கேக்கல. இப்படிப் பண்ணு. ரிலீஸ் போகட்டும். அடுத்த வாரம் சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். நாளைக்குக் காலைல பக்கம் திறந்ததும் அம்மாவோட ஐடில நீயே உன் கம்ப்யூட்டர்லேர்ந்து போட்டுடு. முதல் ஆள் அவங்கதான். போதுமா? அம்மா வந்துடுவாங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வழி எனக்கும் நேற்றே தோன்றியதுதான். கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையிலேயே தோன்றிவிட்டது. கட்டிலின் சுவரோரம் நிரம்பியதுபோலவே இருந்தது. குறட்டை கேட்டது. "தள்ளிப் படுடி" என்று முழங்கை இடித்தது. ஒரு தட்டல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வீடு போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் ரூம் ஞாபகம் வந்தது. தங்கள் போன்களிலெல்லாம் அந்தப் பட்டனைத் தேடிப் பார்த்தவர்கள். எம்பொண்ணு பண்ணினது. அவர்கள் எல்லோரும் நாளைக் காலை பட்டன் இல்லாத பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் பெட்டி கட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரி எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள். அம்மாவுக்குப் பொய் வராது.

பட்டன் எல்லோருக்கும் தெரிந்தால் அம்மா மெதுவாகத்தான் தட்டுவாள். இந்த வருஷமும் கிடைக்காமல் போகலாம். அதையும் யோசித்தேன். யோசித்த பிறகு அழுதேன், அது வேறு கதை.

"வேண்டாம் சார். அந்தக் கம்பெனில லீவு பாக்கற மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன். நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

"எப்போ பண்ணின?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி."

"அப்புறம் எதுக்கும்மா எங்கிட்ட நிறுத்துங்கன்னு கேட்ட?"

"நீங்களே நிறுத்திட்டா நான் போக வேண்டாமேன்னுதான்."

"லிங்க் வெளிய போன விஷயமும் அவங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"தெரியும் சார்."

போனை எடுத்துக்கொண்டேன். மேசை இழுப்பறையில் என் டம்ளரும் ஒரு குடையும் இருந்தன. இரண்டையும் பைக்குள் போட்டேன். கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைக் கழற்றிவிட்டுப் போனால் பார்க்க எடுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதைக் காட்டாமல் அந்தக் கம்பெனியின் வாசலில் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

"ஏய், சார்ஜர் வேணுமாடி?" பக்கத்து சீட்டுக்காரி கிசுகிசுத்தாள். "அந்தப் பழைய போன்ல சார்ஜ் நிக்குமா?"

வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்து, பின்னால் ஓங்கி அறைந்தேன். அது தானாக மெல்லச் சாத்திக்கொள்ளும் கதவு. எவ்வளவு கோபமாக அறைந்தாலும் அதன் வேகத்தில்தான் போகும். நின்று பார்க்க எனக்கு நேரமில்லை.