பொத்தானுக்கு வந்த சாமி

வன்னியராஜுக்குப் பத்து வயதிலிருந்தே கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். தொண்டையிலிருந்து சத்தம் கிளம்பும். ஊர் அதைச் சுடலைமாடன் சாமி இறங்குவது என்று முடிவுகட்டி, இருபது வருடமாகக் கோயில் கொடைத் திருவிழாவில் மாலை போட்டு ஆடவிட்டது. தொண்ணூற்றெட்டில்தான் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் அது நரம்புக் கோளாறு என்றார். தலையைத் திறக்காமல், மேலே காந்தச் சுருள் வைத்துப் பார்க்கலாம். புதுச் சோதனை, குறையுமென்று உறுதி கிடையாது என்றார்.

கொடைக்கு எட்டு நாள்தான் இருந்தது. சித்தப்பா செல்லையா ஆஸ்பத்திரி வரைக்கும் மறிக்க வந்துவிட்டார்.

"ஏலே, சாமிய வெரட்டிட்டா கொடையில யாருலே ஆடுவா?"

"வேணும்னா நீரு ஆடும். கழுத்து எனக்குல்லா வலிக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தான். காந்த விசை எவ்வளவு வேண்டுமென்று அளவு பார்க்க, டாக்டர் சுருளைத் தலையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். டக்கென்ற சத்தத்தோடு அவன் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாலே, சாமி எறங்கிட்டு!"

"இன்னொரு தடவ அழுத்துங்க சார்."

விரல் மறுபடி துள்ளியது.

"பாத்தீரா சித்தப்பா? பொத்தான அமுக்குனா வருது. கொடைக்கு இந்த மிசினுக்கு மாலையப் போடும்."

சொல்லி முடிப்பதற்குள் கழுத்து வெட்டி இழுத்தது. அவன் அசரவில்லை.

"கொறஞ்சாலும் கொறையாட்டாலும் நான் ஆட வரமாட்டேன். சார், நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"