வீரையா ஓரங்கட்டிய வண்டி

"ஊருக்குப் போயிட்டுத் தாக்கல் சொல்றோமுங்க" என்று பையனின் அம்மா மருதாம்பாள் எழுந்துகொண்டபோது, இந்த இடமும் தட்டிப்போயிற்று என்று ஜீவிதா நினைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால், அந்தத் தாக்கல் கீழ் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. போன தடவை வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அப்போது அவள், விட்டது சனியன் என்று தலைமுழுகிவிட்டு மறுநாள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். இந்தத் தடவை அப்படி முடியாது. பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம் அவனுடைய மூக்கும் முழியும் அல்ல, ஒரு சாவி. அவர்கள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி வெளியே ஹாரன் அடித்தது. ஒரு வண்டிதான் போகலாம் என்கிற பாதை; வாசலில் பெண் பார்க்க வந்தவர்களுடைய கார் நின்றது. "நான் வேணா ஓரங்கட்டட்டுமா தம்பி?" என்று அவள் அப்பா வீரையா கேட்டார். காலமெல்லாம் அதே எஸ்டேட் லாரியை ஓட்டி ரிட்டயர் ஆன மனிதர். பையன் கீர்த்திவாசன் யோசிக்கவே இல்லை. "தாராளமா ஓட்டுங்க மாமா" என்று சாவியை நீட்டிவிட்டான். மேட்டுப்பாளையத்துக்காரன் ஒருவன் தன் புதுக் காரை எஸ்டேட் டிரைவரிடம் கொடுத்ததும், கூடவே ஒரு மாமா போட்டதும் ஜீவிதாவின் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன.

அவன் அம்மா மருதாம்பாள்தான் முகம் கொடுக்கவில்லை. கேசரியைத் தொடவில்லை. டீயை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்தாள். ஜீவிதாவின் அம்மா கருப்பம்மா அடுப்படிக்கு வந்து, "நம்ம வீட்டு வாடையே அந்தம்மாவுக்கு ஆகல போல" என்று முணுமுணுத்தாள்.

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். கீர்த்திவாசன் காரில் ஏறிச் சாவியைத் திருகினான். முன்னால் விளக்குகள் எரிந்தன. வண்டி மட்டும் மூச்சுவிடவில்லை. மறுபடி திருகினான். ஊஹூம்.

வீரையாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. "பேட்டரி!" என்றார். ஹாரனை அடித்துப் பார்த்தால் மலையே எதிரொலித்தது. "அப்ப பேட்டரி இல்ல" என்று அதே உறுதியோடு சொன்னார். பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஸ்பேனரோடுதான் பிறந்தானோ என்னவோ, கூப்பிடாமலே வந்து நின்றான்.

"பனிண்ணே. கார்பரேட்டர்ல பனி எறங்கிருக்கும்."

"இந்த வண்டியில கார்பரேட்டரே கெடையாதுடா."

"அதான் கோளாறே!" என்றான் செல்லக்கண்ணு.

தள்ளிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆட்கள் வந்து முக்கி முக்கித் தள்ளினார்கள். கார் அசையவில்லை. பிறகுதான் வீரையாவுக்குச் சக்கரத்தடியில் தாமே வைத்த கல் ஞாபகம் வந்தது. ஊரே சிரித்தது. கல்லை எடுத்துவிட்டுத் தள்ளினாலும் அது மலை மாதிரி நின்றது. "பிரேக் கட்டை ஒட்டிக்கிச்சு" என்று அவர் கடைசித் தீர்ப்பு எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரிக்குக் கேபிள் வாங்கிவர அவரும் செல்லக்கண்ணுவும் ஃபேக்டரிக்குக் கிளம்பினார்கள். லயத்து ஆட்களும் கலைந்தார்கள்.

இதற்குள் மருதாம்பாள் குளிரில் வெடவெடக்க ஆரம்பித்திருந்தாள். கருப்பம்மா மனத்தாங்கலையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டு, அடுப்பங்கரைக்கே கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

வாசலில் ஜீவிதாவும் காருக்குள் கீர்த்திவாசனும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் 'D' என்ற எழுத்து பளிச்சென்று எரிந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதே மாதிரிக் கார்தான் அவள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையிடமும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு மலைப்பாதை என்றால் பயம் என்பதால் ஜீவிதாதான் ஓட்டுவாள். கிளட்ச் இல்லாத வண்டி. கியரை 'N'-க்குக் கொண்டுவந்து பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்; 'D'-ல் கிடந்தால் தள்ளினாலும் நகராது. அப்பா மலைக்காரர். சரிவில் வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படியே போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரனுக்கு இதுகூடவா தெரியாது? சாவி கொடுத்த பையன் இவ்வளவு மண்ணாந்தையா? அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கியர் 'D'-ல இருக்கு" என்றாள் வெடுக்கென்று.

"தெரியுமுங்க."

"எப்ப தெரியும்?"

"சாவி போட்டப்பவே."

"அப்ப இவ்வளவு பேரும் தள்ளுறப்ப வாயைத் தெறக்காம உக்காந்திருந்தீங்களே!"

கீர்த்திவாசன் காதைச் சொறிந்தான். "அத்தன பேரு முன்னாடி, உங்கப்பா போட்ட கியருதான்னு எப்படீங்க சொல்றது? அவரு பாவம், எத்தன சந்தோசமா வண்டி ஓட்டுனாரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்புறம் அம்மா. வளைவுல ஏறுறப்ப வழியெல்லாம் வாந்திங்க. உங்க ஊட்டுல உக்காந்தப்பவும் தல சுத்திட்டே இருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கம். வயிறு சரியாகி ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான் எங்கம்மா எங்கம்மாவா இருக்கும். அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணுமில்லீங்களா?"

சற்று முன்னால் மண்ணாந்தை என்று நினைத்ததற்கு ஜீவிதா மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவன் போய்விட்டு போன் பண்ணாமல் இருந்துவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று.

அடுப்பங்கரை ஜன்னல் வழியாகத் தேங்காய் ரொட்டி சுடும் வாசம் வந்தது. பின்னாலேயே மருதாம்பாளின் குரலும் வந்தது. காலையிலிருந்து கேட்காத கணீர்க் குரல்.

"ஏனுங்க, ரொட்டிக்குத் தொட்டுக்கற இந்தச் சம்பலுக்கு என்னதான் போட்டு அரைக்கறீங்க? நாக்குக்கே உசுரு வந்த மாதிரி இருக்குது."

சிலோனிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர்களின் பக்குவத்தைக் கருப்பம்மா சொல்வதும், அம்மியில் குழவி நகர்வதும் கேட்டன. இரண்டு பேரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். பிறகு மருதாம்பாள் சொன்னாள்:

"இன்னொரு ரொட்டி போடுங்க சம்பந்தி. நிச்சயத்துக்கும் இதையே பண்ணிப்போடலாம். பந்தியில எல்லாரும் அசந்துபோயிருவாங்க."

வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜீவிதாவின் கண்ணில் நீர் முட்டியது, கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி வண்டி ஸ்டார்ட் ஆயிருமுங்க" என்று கீர்த்திவாசன் கியரில் கை வைத்தான்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. அத்தை சாப்பிட்டு முடிக்கட்டும்."