கமீல் குடிக்கவில்லை

நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் ஒரு சிறுமியின் நீச்சல் கண்ணாடி விழுந்துவிட்டது. அதை எடுக்க வீர்லே குதித்தாள். அந்தக் குளத்தில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருபவள் அவள். குளோரின் எரிந்ததால் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கண்ணாடி கையில் சிக்கியது. மேலே வருவதற்காகக் காலை உதைத்தாள். தலை தரை ஓட்டில் மோதியது. மறுபடி உதைத்தாள். மறுபடியும் தரை. எது மேல், எது கீழ் என்று அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

கூட வேலை செய்யும் பார்ட்தான் அவளை இழுத்துக் கரையில் போட்டான். அவள் மூச்சு சீராகும்வரை பயந்துபோய் நின்றவன், பிறகு சிரித்தான். "என்னடி, நேத்து பீர் கொஞ்சம் ஓவரோ?"

வீர்லேவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேலியைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். அப்போதெல்லாம் அது அவளுடைய அப்பாவின் மேல் விழுந்தது.

அப்பா கமீல், கேல் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தபால்காரராக இருந்தார். குளிர்காலத்தில் பொழுது விடியும் முன்பே சைக்கிளில் கிளம்பிவிடுவார். நாற்பதைத் தாண்டியதும் விழ ஆரம்பித்தார். ஒரு நாள் வாய்க்காலில், இன்னொரு நாள் வேலி மேல். ஊர்க்காரர்களின் தபால்கள் சேற்றில் கிடந்தன. பகலில் நேராக நடக்கிற மனிதர் அந்தி சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஊர் அவருக்கு ஜெனீவர் கமீல் என்று பெயர் வைத்தது. ஜெனீவர் அந்தப் பக்கத்துச் சாராயம்.

"ஒரு சொட்டு தொடல" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மனைவி கொலெட் கொட்டகையிலும் விறகுக் குவியலிலும் பாட்டில் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒளித்து வைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரன் என்றுதான் அவள் நினைத்தாள். வேலையும் போன பிறகு, வீர்லேவையும் அவள் தம்பி ஸ்டைனையும் கூட்டிக்கொண்டு ஹெரென்டால்ஸில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

குளத்தில் நடந்ததற்குப் பிறகு வீர்லே ஆன்ட்வெர்ப்பில் ஒரு காது மருத்துவரிடம் போனாள். பிள்ளைகளின் கீச்சுக்குரல் கொஞ்ச நாளாகவே தன் காதில் சரியாக விழுவதில்லை என்பதையும் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னாள். மருத்துவர் ஒரு பெண். சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்ல யாராவது இருட்டுல குடிச்சவங்க மாதிரி தள்ளாடுவாங்களா?"

"எங்கப்பா" என்றாள் வீர்லே.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"நம்ம உடம்பு எதை எப்படிச் செய்யணும்னு மரபணுவுலதான் எழுதியிருக்கு. உங்களுக்கு அதுல ஒரே ஒரு எழுத்துப் பிழை. அதனால உள்காதுல ஒரு புரதம் தப்பா உருவாகுது. பிறக்கும்போது ஒண்ணும் தெரியாது. நடுவயசுலதான் வேலையைக் காட்டும். காது கேக்கறது குறையும். உடம்பை நிமிர்த்தி நிறுத்துற பகுதியும் உள்காதுலதான் இருக்கு, அதுவும் போகும். வெளிச்சத்துல கண்ணு உங்களைத் தாங்கும். இருட்டுல யாரும் இல்ல."

"குணமாகுமா?"

"காதுக்குக் கருவி இருக்கு. ரொம்ப மோசமானா உள்ளேயே பொருத்துற கருவி இருக்கு. தள்ளாட்டத்துக்கு இப்போதைக்கு மருந்து இல்ல. இந்தப் பக்கத்துல நிறைய குடும்பங்கள்ல இது இருக்கு, எந்தக் காலத்துலயோ வாழ்ந்த ஒரே மூதாதைகிட்டேருந்து வந்தது. பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்தா போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி" என்றாள் வீர்லே.

அவள் முதலில் அப்பாவிடம்தான் போனாள். கமீலுக்கு இப்போது சுத்தமாகக் காது கேட்காது. தனியாக இருந்தார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, அவர் உதட்டைப் படிக்க வசதியாக மெதுவாகச் சொன்னாள். தன் பெயருக்கு வந்த கறை விலகியதில் அவர் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்போ இது உனக்கு என்கிட்டேருந்து வந்ததா?"

வீர்லே தலையசைத்தாள்.

"குடிகாரனாவே இருந்து தொலைச்சிருக்கலாம்" என்றார் கமீல். "அது என்னோட போயிருக்கும்."

அம்மாவிடம் சொன்னபோது கொலெட் கத்தினாள். டாக்டர்களுக்கு என்ன தெரியும், அந்த ஆளோடு குடும்பம் நடத்தியவள் நானா அவர்களா என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பழைய வீட்டுக்குப் போய் ஜன்னலைத் தட்டினாள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கமீல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தட்டியது கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பியவர்தான் அவளைப் பார்த்துக் கதவைத் திறந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தணிந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"முகத்தைக் காட்டிப் பேசு. ஒண்ணும் புரியல."

நிமிர்ந்தாள். அழுகையில் உதடு கோணியதால் அதுவும் புரியவில்லை. கடைசியில் கத்தினாள்: "நீ குடிக்கல! கமீல், நீ குடிக்கவே இல்ல!"

பக்கத்து வீட்டில் செடி வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தரி நின்றது.

"அதை நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் கமீல். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஸ்டைன். அவன் லாரி ஓட்டுகிறவன். விடியும் முன் கிளம்பி ராட்டர்டாம் வரை போய் வருவான். ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொல்லி வீர்லே இரண்டு முறை பேசிப் பார்த்தாள். அவன் பிடி கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கமீலே மகளுடைய காரில் அவன் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. "இவரையும் கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டியா? எனக்கு ஒண்ணும் இல்லக்கா. தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்? மருந்து இருக்கா? இல்ல. லைசன்ஸ்தான் போகும்."

"என்ன சொல்றான்?" என்றார் கமீல். வீர்லே திருப்பிச் சொன்னாள்.

அப்போது ஸ்டைனின் மனைவி நோர் மேசையிலிருந்து எழுந்தாள். "போன வாரம் விளக்கு போடாம மாடிப்படி இறங்கி விழுந்தானே. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கிட்டு என்ன கேட்டேன் தெரியுமா?"

"நோர், சும்மா இரு" என்றான் ஸ்டைன்.

அவள் மாமனாரின் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "குடிச்சியான்னு கேட்டேன் மாமா."

கமீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "மருந்து இல்லதான்டா. என்னன்னு தெரிஞ்சா, உன் பொண்டாட்டி பாட்டில் தேட மாட்டா. எனக்கு அது கிடைக்கல."

ஸ்டைன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான்.

வசந்தத்தில் ரத்தம் கொடுத்தான். அவனிடமும் அதே பிழை இருந்தது. லாரியை விட்டுவிட்டுக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அக்காவிடம் பல மாதங்கள் சரியாகப் பேசவில்லை. வீர்லே நீச்சல் குளத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்துக்கு மாறினாள், காதுக்குக் கருவி வைத்துக்கொண்டாள். கமீலுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்ளே கருவி பொருத்தினார்கள். எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். கொலெட் மறுபடி வந்தபோது உள்ளே விட்டார். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்டைனின் மகள் லோட்டேவுக்கு நாலு வயது. குழந்தைகளுக்குச் சோதனை செய்வதில்லை, வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் பிறந்தநாளுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, பலூனைத் துரத்தி ஓடியவள் கம்பளத்தில் கால் தடுக்கி விழுந்தாள். நாலு வயதுக் குழந்தை விழத்தான் செய்யும். அந்த வியாதிக்கு இது வயதில்லை என்பதும் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு அப்படியே நின்றது. லோட்டே எழுந்து, ஏன் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல், அழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றாள்.