ஜமீன்தாரின் முடி

மூன்றாவது தடவையும் அதே கோளாறுதான். கணினித் திரையில் இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை போல ஒரே உயரத்தில் நின்றன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முனைவர் பட்டத்துக்காக அவள் ஆராய்வது எலிகளின் பயத்தை. எல்லா எலிக்கும் ஒரே மரபணுக்கள்தான். அவற்றில் எது விழிக்கும், எது தூங்கும் என்பதைத் தீனி, உறக்கம், பயம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். ஒரு கூட்டத்தை இரைச்சலிலும் இன்னொன்றைச் சத்தமே எட்டாத அறையிலும் வைத்தாள். அமைதிக் கூட்டத்தில் பயத்தின் மரபணு தூங்கியிருக்க வேண்டும். அந்தச் சுகவாசிகளின் மூளையிலும் அது கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

சோதனை ரசாயனத்தை மாற்றினாள், கருவியைக் கழற்றித் துடைத்தாள், அறையின் குளிரையும் விளக்கையும் சரிபார்த்தாள். யாரையும் நம்பாமல் தீனியைத் தானே வைத்தாள். எல்லாம் வீண்.

வீட்டிலும் அவள் சாதுவல்ல. இந்தச் சோதனை தொடங்கும் முன்பே படிப்பின் கடுப்பையெல்லாம் கணவன் தலையில்தான் கொட்டுவாள். உப்புக் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. தாக்குப்பிடிக்க முடியாமல் அவன் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் விட்டான். துரும்பைக்கூட நகர்த்தாமல் வீட்டையே அதிகாரம் செய்ததால் அதற்கு ஜமீன்தார் என்று பெயர். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவள் சண்டையை விட்டு அதைக் கூடுதலாகக் கொஞ்சினாள். காலையில் கிளம்பும்வரை அது அவள் தோளில்தான் கிடக்கும்.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னும் ஒரே ஒரு தொகுதி எலிகள்தான், அதுவும் பாழானால் அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்றார். சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, அவள் தோளிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்தார்.

"வீட்ல பூனை வளக்கறியா?"

"ஆமா மேடம்."

"எலிக்கு அந்த வாசனையே போதுமே. நீ உள்ள வந்தாலே அதுங்களுக்கு எமன் வந்த மாதிரி இருக்கும்."

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை மாதமாகத் தேடிய குற்றவாளி அவளேதான். பூனை வீட்டில் இருக்கும்வரை எலி அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

மாலையில் கணவன் சோபாவில் படுத்திருந்தான். ஜமீன்தார் அவன் வயிற்றின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைப் படபடவென்று சொல்லி, நாளைக்கே பூனையை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

அவன் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இது வந்தப்புறம்தான் நான் இந்த வீட்டுக்குள்ள பயமில்லாம வரேன்," என்றான். "இதை அனுப்பிட்டா உன் எலிங்க நிம்மதியா இருக்கும். நான்?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கத்த வாயெடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, பூனையை இறுக அணைத்துக்கொண்டான்.